ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்த பாவம்

1580ல் கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. தமிழ் எழுத்தில் நூல் அச்சேறத் தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. 1578ல் கொல்லத்தில் வெளிவந்த பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, அடுத்து இந்தக் ‘கொம்பெசியோனாயரு’. மூன்றும் இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் செய்த வேலை. முதல் இரண்டிலும் செபமும் ஞானபாடமும் இருந்தன. மூன்றாவது, பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கையேடு. நம் காவியங்களும் இலக்கணங்களும் ஏட்டிலேயே கிடந்த காலத்தில், செய்த தப்பை வாய்விட்டுச் சொல்வதற்கான வழிகாட்டி அச்சுக்குப் போய்விட்டது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கடற்கரை ஊர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியிருந்தன. ஞானஸ்நானம் ஜென்ம பாவத்தையும் அதுவரை செய்த கர்ம பாவத்தையும் கழுவிவிடும் என்று குருமார் போதித்தார்கள். கழுவியதற்கு மறுநாள் செய்த பாவத்துக்கு என்ன வழி? கிறிஸ்தவத்தில் பாவம், கிருபை, மன்னிப்பு பற்றி எழுதியவை எல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியிடம்தான் வந்து நிற்கின்றன. இரட்சிக்கப்படாதவன் எப்படி இரட்சிக்கப்படுகிறான் என்பதற்குச் சபைகள் ஏறக்குறைய ஒரே குரலில் பதில் சொல்லும். இரட்சிக்கப்பட்டவன் மறுபடி விழுந்தால் என்ன என்று கேட்டால்தான் குரல்கள் பிரிகின்றன.

ஆதித் திருச்சபை இதில் பயங்கரக் கண்டிப்பு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’, ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் மனந்திரும்ப வாய்ப்பு என்றது. அந்த ஒரு வாய்ப்பையும் வீணாக்க வேண்டாம் என்று பலர் ஞானஸ்நானத்தையே சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337ல் மரணப் படுக்கையில்தான் தண்ணீர் வாங்கினார். 250ஐ ஒட்டி தெசியு சக்கரவர்த்தியின் துன்புறுத்தலில் உயிருக்குப் பயந்து மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்ற சண்டையில் ரோமாபுரிச் சபையே பிளந்தது. சேர்க்கவே கூடாது என்ற நொவேஷியன் தனிச் சபை கண்டார். ஒவ்வொரு முறை விழும்போதும் குருவிடம் ரகசியமாகச் சொல்லி எழுந்து வரலாம் என்ற ஏற்பாடு ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகளிடமிருந்து பரவியது. 1215ல் லாத்தரன் சங்கம் அதை ஆண்டுக்கு ஒரு தடவையாவது கட்டாயம் என்று ஆக்கியது.

ஆக, தவக்காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துக் கோயிலில் ஒரு பெரியவர் முழந்தாளிட்டு, “போன பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு வருஷமாச்சு சாமி” என்று தொடங்கும்போது, அந்த ஒரு வருஷத்துக்குப் பின்னால் எண்ணூறு வருஷம் இருக்கிறது. பழைய ஞானபாடம் அதற்கு ஐந்து படி வைத்தது: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, அபராதம் தீர்த்தல். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். கோபப்பட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாது, யாரை, எத்தனை தடவை, கை நீட்டினாயா என்று கேள்வி வரும். அடுத்தவன் பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. அதைச் செய்ய மனமில்லாதவனுக்குக் குரு பாவமன்னிப்பு ஆசீர் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

மன்னிப்பு பற்றிய சண்டை நம் பக்கத்திலும் நடந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர், பச்சைமலை அடிவாரத்து ஊர். அங்கிருந்து தென்கிழக்கே அரியலூரைத் தாண்டிப் போனால் கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி. ‘திருக்காவலூர்’ என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்கு வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய ஊர். பெஸ்கி என்ற பெயரோடு இத்தாலியில் 1680ல் பிறந்த வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’யின் 3,615 பாட்டும் ‘சதுரகராதி’யும் எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் சண்டைக்கார மனிதரும்கூட என்பது பாடப்புத்தகத்தில் வராது. 1706ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கி, 1714ல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை அச்சிட்டுப் பரப்பத் தொடங்கியபின், காவிரிக் கரையில் ஜெர்மன்காரர்களின் லுத்தரன் போதகமும் இத்தாலியரின் கத்தோலிக்கப் போதகமும் தமிழில் மோதிக்கொண்டன. ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ என்று பெஸ்கி எழுதிய உரைநடை நூல்கள் அந்த மோதலில் வீசியவை. ஐரோப்பாவில் 1517ல் தொடங்கிய வழக்கு இருநூறு ஆண்டு கழித்து அரியலூர், தஞ்சைச் சீமையில் வாய்தா வாங்கியது.

வழக்கின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான், அவன் கிரியைகள் கணக்கில் சேராது என்றார் லுத்தர். விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான்; அவன் மேல் போர்த்தியிருப்பது கிறிஸ்துவின் நீதி. 1547ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் இதற்குப் பதில் சொன்னது: தொடங்கிவைப்பது தேவ இஷ்டப்பிரசாதமே, ஆனால் மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்க வேண்டும்; அது அவனை உள்ளேயே மாற்றுகிறது; சாவான பாவத்தால் அதை இழக்கவும் முடியும்; இழந்தால் திரும்பப் பெற அருட்சாதனம் இருக்கிறது. ஒருவருக்கு மன்னிப்பு தீர்ப்பு, மற்றவருக்கு மருத்துவம். இரண்டுக்கும் பவுலிடம் ஆதாரம் உண்டு என்பதால் வழக்கு முடியவே இல்லை.

இந்த மோதலுக்கு நடுவில் வந்து நின்ற ஒரு தமிழனைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். இராஜநாயக்கன் தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரன், பறையர் குலம், பிறப்பால் கத்தோலிக்கன். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று 1720களில் அவன் கைக்குக் கிடைத்தது. தானே படித்தான், படித்ததைப் பிறருக்குச் சொன்னான், லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானான். பெஸ்கி தரப்பின் எதிர்ப்பைச் சம்பாதித்தான். பல ஊர்களில் சபை வளர்ந்ததற்கு அவன் உழைப்பு காரணம் என்று மிஷனரிகளே எழுதினார்கள். 1733ல் ஆரோன் முதல் இந்திய லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேடும்போது இராஜநாயக்கன் பெயர் வந்தது, தள்ளப்பட்டது. அவன் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்பதே காரணம். 1741ல் தியோகு குருவானார். கிருபையினால் மட்டுமே என்று முழங்கிய சபை, கிருபையின் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கையில் சாதி பார்த்தது. லுத்தரும் திரெந்தும் மோதிய மோதலில் எவரும் எடுக்காத கேள்வி இது. என் கணக்கில், தமிழ்க் கிறிஸ்தவத்தின் மையக் கேள்வியே இதுதான்.

அதற்குப் போகுமுன் மற்றச் சபைகளை ஒரு சுற்று பார்த்துவிடலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கத்தோலிக்கர் கும்பகோணம் மறைமாவட்டத்தில் சேர்ந்தவர்கள். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை என்றால் திருச்சி–தஞ்சைத் திருமண்டலம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் திருச்சியே தலைமையிடம். இவை தவிர, ஓட்டுக் கட்டடத்திலும் மாடி அறையிலும் தகரக் கொட்டகையிலும் நடக்கும் பெந்தெகொஸ்தே ஜெப வீடுகள். சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் திருவிருந்துக்கு முன் சபையார் எல்லோரும் சேர்ந்து பொதுப் பாவ அறிக்கை சொல்வார்கள், ஆயர் விமோசனம் கூறுவார். யாரும் எதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வசதிதான்; தன் பாவத்தின் பெயரைக்கூட உச்சரிக்காமல் ஒருவன் ஐம்பது வருஷம் பந்திக்கு வந்துபோகலாம் என்பதும் அந்த வசதியில் அடக்கம். லுத்தரே தனி அறிக்கையை ஒழிக்கவில்லை. தன் சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு முறைமை எழுதி வைத்தார். நம் ஊர் லுத்தரன்களில் பலருக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

ஜெப வீட்டில் முதல் கேள்வியே வேறு: “இரட்சிக்கப்பட்டுட்டீங்களா பிரதர்?” தேதி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு விழுந்தால் அது ‘பின்மாற்றம்’. விசுவாசி இந்த உலகத்திலேயே அன்பில் பூரணப்படலாம், அதே விசுவாசி கிருபையிலிருந்து விழவும் கூடும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி போதித்தது பல கைகள் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இதை வெள்ளை உடை, நகை மறுப்பு, மருந்து மறுப்பு என்று அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவந்தது. அதற்கு நேரெதிர்க் கோடியில் கால்வினைப் பின்பற்றியவர்கள்: தேவன் தெரிந்துகொண்டவன் இறுதியில் கெட்டுப்போகவே மாட்டான் என்பவர்கள். இப்போது யூடியூப் வழியாக வந்திருப்பது சிங்கப்பூர் ஜோசப் பிரின்ஸ் போன்றோரின் கிருபைப் போதகம்: விசுவாசியின் நேற்றைய, இன்றைய, நாளைய பாவங்கள் எல்லாம் சிலுவையிலேயே மன்னிக்கப்பட்டாயிற்று, ஆகையால் மன்னிப்புக்காகத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்ய வேண்டியதில்லை. முதலாம் யோவான் நிருபத்தின் முதல் அதிகாரம் பாவ அறிக்கையைப் பற்றிப் பேசுவது விசுவாசிகளுக்கானதே அல்ல என்றும் விளக்கம் கொடுக்கிறார்கள். அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை, அதே நிருபம் வாசகர்களைப் பிள்ளைகளே என்றல்லவா அழைக்கிறது. ஆனாலும் இந்தப் போதகத்துக்குக் கூட்டம் சேர்வதன் காரணம் புரிகிறது. சினிமா பார்த்தது, பொட்டு வைத்தது, ஒரு வாரம் உபவாசம் தவறியது என்று எல்லாவற்றுக்கும் நரகத்தைக் காட்டிய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடும் இடம்.

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிது என்று நினைத்தால் அதுவும் தவறு. அரும்பாவூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் ஸ்ரீரங்கத்தில், லுத்தருக்கு வெகு காலம் முன்பே, சரணாகதி செய்தவனின் பாவம் பற்றி வைணவ ஆச்சாரியர்கள் வாதாடி முடித்திருந்தார்கள். சரணாகதிக்கு முன் செய்தது பூர்வாகம், பின் செய்தது உத்தராகம். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் ஜீவனுக்கும் ஒரு முயற்சி உண்டு என்பது வடகலை. பூனை தானே குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் எல்லாம் அவன் செயல் என்பது தென்கலை. இந்த உவமை எல்லோருக்கும் தெரியும். உத்தராகத்தைப் பற்றிய வாதம் அவ்வளவாகத் தெரியாது, அதில்தான் நுட்பம். தெரியாமல் செய்தது ஒட்டாது, வேண்டுமென்றே செய்ததற்குப் பிராயச்சித்தம் வேண்டும், செய்யாவிட்டால் இம்மையிலேயே லேசான தண்டனையாவது உண்டு என்றார் வேதாந்த தேசிகர். அடியாரின் தோஷத்தையே பகவான் போக்கியமாகக் கொள்கிறான், பசு தன் கன்றின் அழுக்கை நக்குவதுபோல் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. திரெந்து சங்கத்துக் குருமார் தேசிகரைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள். 1930ல் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒப்புமையை ஒரு நூலாகவே எழுதினார். அதற்குச் சற்று முன், 1927ல், பாளையங்கோட்டைக்காரரான ஏ.ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரானவர். அவரைத் தமிழ்ப் பிரசங்க மேடைகள் மறந்துவிட்டது நஷ்டம்தான்.

ஐரோப்பிய வழக்கில் கடைசியாக ஒரு ராஜி வந்தது. 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நாம் ஏற்கப்படுவது நம் தகுதியால் இல்லை, கிருபையால்தான். அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்குத் தயார்ப்படுத்துகிறது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006ல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2017ல் சீர்திருத்தச் சபைகள். வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் எதற்காக நூல் எழுதி அடித்துக்கொண்டார்களோ, அதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்யாணச் சம்பந்தம் பேசும்போது ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா என்று கேட்பதோ நிற்கவில்லை. சாதி அதற்கும் முன்னாலேயே கேட்கப்பட்டிருக்கும்.

தேவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள மன்னிப்பைப் பற்றிச் சபைகள் ஐந்நூறு வருஷம் பேசி ஓரளவு முடித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் எனக்கும் நடுவில் உள்ள பாவம்தான் பேசப்படாமல் கிடக்கிறது. எதைப் பாவப் பட்டியலில் சேர்ப்பது என்பதே இங்கே சண்டை.

1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். திருவிருந்தில் சாதி வாரியாக உட்காருவதும் வரிசைப்படி வாங்குவதும் பாவம், விட்டுவிட்டுத்தான் பந்திக்கு வரவேண்டும். 1835ல் தஞ்சைக்கே நேரில் வந்தார். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்: மிஷனரி சுவார்ச்சு ஐயரின் சீடர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர், இன்றும் தமிழ்ச் சபைகள் பாடி உருகும் கீர்த்தனைகளின் ஆசிரியர். சாதி நாட்டு வழக்கம், விசுவாசத்துக்கு அதில் குறைவில்லை என்பது அவர் கட்சி. இரட்சகரின் இரக்கத்தைப் பற்றி அவர் அளவுக்கு உருகிப் பாடியவர்கள் குறைவு. அந்த உருக்கம் பந்தி வரிசை வரைக்கும் வந்து அங்கே நின்றுவிட்டது. விலகிப் போன பலருக்கு, 1840களில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இடம் கொடுத்தது. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரவுல் அதன் தலைவர். சாதி ஒரு சமூக அமைப்பு, சட்டம் போட்டு உடைத்தால் மாய்மாலம்தான் வளரும், சுவிசேஷம் உள்ளேயிருந்து மெல்ல மாற்றட்டும் என்றார். இறையியலாகப் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. கிருபை வற்புறுத்தாது என்பது லுத்தரின் அடிப்படை. நடந்தது என்ன என்று பார்த்தால் வில்சன் சொன்னதே சரி. மெல்ல மாறட்டும் என்று விட்ட இடங்களில் அது மாறவில்லை.

கத்தோலிக்கர் தரப்பும் இதற்குச் சளைத்ததில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872ல் இரண்டு சாதிக்கு இரண்டு கால்போல் கட்டிய கோயிலில் நடுவில் தடுப்பு. 1910ல் தடுப்பை எடுத்தார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தனி இடத்துக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. பெரம்பலூருக்கு வடக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச் மாதம் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சவ ஊர்வலம் போகும் பாதையும் தனிக் கோயிலும் அதில் பிரச்சினைகள். அந்த ஊரிலும் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கும். மோதலே தவக்காலத்தில்தான் நடந்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அறிக்கை செய்வது ஐந்து படியில் ஒன்று. அபராதம் தீர்ப்பது இன்னொன்று.

மன்னிப்புக் கொடுக்கிறவர் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. மன்னித்துவிட்டால் கேஸை வாபஸ் வாங்கிவிட வேண்டுமா? அடிபட்டவளிடம் போய், நீ விசுவாசிதானே, மன்னித்துவிடு என்று சமாதானம் பேசும் பஞ்சாயத்து நம் சபைகளில் சகஜம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்புக் கத்தோலிக்கக் கோயில்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர், தமிழ்க் குடும்பங்கள். அடுத்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளில், தாக்கியவர்களை மன்னித்தோம் என்றார் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித். அதே மனிதர்தான், தாக்குதலின் பின்னணி முழுவதும் வெளிவர வேண்டும் என்று அரசுகள் மாறி மாறி வந்தபோதும் விடாமல் கேட்டவர். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. அந்த மாதமே அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்பும் கேட்டார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். பழி வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுவது ஒன்று, கணக்குக் கேட்பதை விட்டுவிடுவது வேறொன்று. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் எழுபது தடவை ஏழு மன்னிக்கச் சொல்லும் இயேசு, அதற்குச் சற்று முன்னால் குற்றம் செய்தவனைத் தனியாகப் பார், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்றும் நடைமுறை வகுக்கிறார். பிரசங்கத்தில் முதல் பாதியை விட்டுவிட்டு எழுபது தடவையை மட்டும் எடுப்பார்கள்.

ஆகவே அந்தப் பழைய விதிக்கு வருகிறேன். திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்கு மன்னிப்பு ஆசீர் இல்லை என்பது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய கெடுபிடி என்று புராட்டஸ்டண்டுகள் நினைப்பதுண்டு. 1662ல் வெளிவந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து முறைமையின் தொடக்கத்திலேயே இது இருக்கிறது. ஊரறிய அநியாயம் செய்தவனை, அவன் மனந்திரும்பி, யாருக்குத் தீங்கு செய்தானோ அவர்களுக்கு ஈடுகட்டும்வரை, கையில் வசதியில்லாவிட்டால் வசதி வந்ததும் கட்டுவதாகச் சொல்லும்வரை, பந்திக்கு வரவிடக் கூடாது. பகையாளிகள் இரண்டு பேர் சமாதானமாகும்வரை இருவருக்கும் பந்தி இல்லை. ஒருவர் மனதார மன்னித்து, தன் தப்புக்கு ஈடு செய்யவும் தயாராகி, மற்றவர் பிடிவாதம் பிடித்தால், தயாரானவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்திவைக்க வேண்டும். இப்படி நிறுத்திவைத்தவர்கள் விஷயத்தைக் குருவானவர் பதினாலு நாளுக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகே இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்ததாக இயேசு அறிவித்தார் என்று லூக்கா எழுதுவது இந்த விதிக்கு வேர்.

1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950ல் வந்த அதன் ஆராதனை முறைமை ‘சமாதானம்’ என்ற சடங்கைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆயர் மேசையிலிருந்து தொடங்கி, ஒருவர் கூப்பிய கையை அடுத்தவர் தன் இரண்டு கைக்குள் வாங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரை போகும். வரப்புத் தகராறில் கோர்ட்டில் நிற்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்து சமாதானம் வாங்கிக்கொண்டு போவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். 1662ன் விதியை இன்றைக்கு ஒரு ஆயர் அமல்படுத்தினால், அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும்.